உபயம்: பொன்னையா

போன மாதம் என் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புது டீச்சர் போன் செய்தாள். நான் நடத்திய அதே ஐந்தாம் வகுப்பு இப்போது அந்தப் பிள்ளை கையில் இருக்கிறது.

“டீச்சர், மை, மைன், ஹிஸ், ஹெர்ஸ் இதெல்லாம் நீங்க எப்படி நடத்துனீங்க? எங்களுக்கு வீடியோ குடுத்துருக்காவ. மஞ்சக் கலர் வாத்து ஒண்ணு குடையப் பிடிச்சுக்கிட்டு ‘திஸ் இஸ் மைன்’னு பாடுது. பிள்ளையெல்லாம் நல்லா ஆடுது. பாட்டு முடிஞ்ச பெறவு ஒரு குடையத் தூக்கிக் காட்டி இது யாருதுன்னு கேட்டா, வாத்தோடதுங்குது.”

சிரித்து முடித்தபின், “எழுதித் தாங்களேன், எங்களுக்கு உதவும்” என்றாள். எனக்கு இப்போது காலையில் இலஞ்சிக் குமாரரைக் கும்பிடுவதையும் வீட்டுக்காரருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதையும் தவிர வேறு வேலை இல்லை. சரி என்று உட்கார்ந்தேன். ஆனால் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த கதையை எழுதினால் அது ஒரு கழிப்பறையில் போய்த்தான் முடியும். முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் பிளஸ் டூவும் ஆசிரியர் பயிற்சியும் படித்தவள். அதற்கு மேல் கிடையாது. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு இங்கிலீஷ் நடத்தியவர் இங்கிலீஷையும் தமிழில்தான் நடத்தினார். வேலைக்கு வந்தபின் தென்காசியில் அடிக்கடி பயிற்சி வகுப்பு வைப்பார்கள். ஒரு வருடம் கையில் துணிப் பொம்மை மாட்டிக்கொண்டு கற்பிக்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் பொம்மை தப்பு, பாட்டுத்தான் சரி என்றார்கள். அதற்கடுத்து இரண்டுமே தப்பு, செயல்பாடு வேண்டும் என்றார்கள். மாறாமல் இருந்தது மத்தியானத்து எலுமிச்சைச் சாதம் மட்டும்தான். அந்தச் சாதத்தின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

எங்கள் பள்ளி தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி வயலைப் பார்த்து நிற்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளி. பெயர் வேண்டாம். பாடப்புத்தகத்தில் ஒரு நாய்க்குட்டிப் படம் போட்டு, பக்கத்தில் ஒரு பெண் பிள்ளையும் ஒரு பையனும் நின்றிருந்தார்கள். நான் படத்தைக் காட்டி, “ஹூஸ் டாக் இஸ் திஸ்?” என்று கேட்டேன். முன் வரிசையில் ஒருவன் எழுந்து, “யார் நாயினு நமக்கு எப்படித் தெரியும் டீச்சர்? கடிக்குமான்னு மட்டும் சொல்லுங்க” என்றான். அவன் கேட்டது நியாயம்தான். நாங்கள் அறியாத நாய், நாங்கள் அறியாத பிள்ளைகள். அந்தப் பாடம் அங்கேயே படுத்துவிட்டது.

அதை எழுப்பி நிறுத்தியவர் எங்கள் தலைமையாசிரியர். அவருக்கே அது தெரியாது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோபப்பட மாட்டார், லீவு கேட்டால் முகத்தைத் தூக்க மாட்டார். எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டி, “பாப்போம் டீச்சர்” என்பார். கூரை ஒழுகுது சார் என்றால் பாப்போம். சத்துணவு அரிசியில் வண்டு இருக்கு சார் என்றாலும் பாப்போம். ஒரு தடவை வகுப்புக்குள் பாம்பு வந்தபோதும் பாப்போம் என்றார். அன்றைக்கு மட்டும் அது சரியான பதில். எல்லோரும் பெஞ்சு மேல் ஏறி நின்று பார்த்தோம்.

அவர் சுறுசுறுப்பாகிற நேரம் ஒன்று உண்டு. யாராவது பள்ளிக்கு உபயம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், பொருளுக்கு முன்னால் பெயின்டர் வந்து நிற்பார். எழுத்து எவ்வளவு பெரியது, என்ன நிறம், பேருக்கு முன்னால் திரு போடுவதா உயர்திரு போடுவதா என்று தலைமையாசிரியர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வார். உபயம் பெரும்பாலும் குத்தாலிங்கம் அண்ணாச்சி செய்ததுதான். அவருக்கு ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் இருந்தது. பள்ளிக்கு டியூப்லைட் கொடுத்தார். கண்ணாடிக் குழாயின் இந்த முனை முதல் அந்த முனை வரை அவர் பேரும் லாட்ஜ் பேரும் எழுதியதில் வெளிச்சம் வர இடமில்லாமல் போய்விட்டது. ஃபேன் கொடுத்தார். மூன்று இறக்கையிலும் பேர் இருந்தது. சுற்றும்போது படிக்க முடியவில்லை என்று அவருக்கு ஒரு மனக்குறை. அதனால் அண்ணாச்சி கார் உள்ளே வருகிறது என்றால் தலைமையாசிரியர் ஓடிவந்து ஃபேனை நிறுத்தச் சொல்வார். பிள்ளைகள் வேர்த்துக்கொண்டு வணக்கம் சொல்வார்கள்.

ஒருநாள் அப்படி ஃபேன் நின்றிருந்தபோது எனக்குப் புத்தி வந்தது. மேலே கையைக் காட்டி, “ஹூஸ் ஃபேன் இஸ் திஸ்?” என்றேன். வகுப்பு முழுக்கத் தலையைத் தூக்கிப் படித்தது. “குத்தாலிங்கம்!” அதைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் எஸ் போட்டு, நடுவில் மேலே ஒரு புள்ளிக்கு வால் வைத்தேன். அந்தக் குறிக்குப் பிள்ளைகள் கொசு என்று பேர் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு நோட்டுத் திருத்தும்போது, “ஏலே, கொசுவ எங்க?” என்று கேட்டால் போதும். “அடிச்சுட்டேன் டீச்சர்” என்று ஒருவன் சொன்னான். அவனுக்குத் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுக் கொசுவையும் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பெஞ்சு, பீரோ, மணி, தண்ணீர்த் தொட்டி என்று எங்கள் பள்ளியில் எந்தப் பொருளைத் தொட்டாலும் அது இன்னாருடையது என்று கொசுவோடு சொல்லிவிடுவார்கள். உயர்திருவையும் சேர்த்துச் சொல்வார்கள்.

மை, மைன், ஹிஸ், ஹெர்ஸ் வேறு விதமாக நடத்தினேன். பிள்ளைகளின் பை, குடை, தண்ணீர் பாட்டில், செருப்பு எல்லாவற்றையும் நடுத்தரையில் குவிக்க வேண்டும். ஒருவர் வந்து ஒன்றை எடுத்து, அதை உரியவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் ‘திஸ் இஸ் ஹெர்ஸ்’ என்று சொல்ல வேண்டும். தூர நின்று வாயால் சொன்னால் செல்லாது. வாங்கிக்கொண்டவள் நெஞ்சில் கை வைத்து ‘யெஸ், இட் இஸ் மைன்’ என்பாள். சாரல் நாளில் குடைக்காகச் சண்டை வரும், அதையும் இங்கிலீஷிலேயே போடுங்கள் என்பேன். அன்றைக்குச் சத்தம் குறைந்துவிடும்.

அப்படிக் குவித்த ஒரு மத்தியானம் நானே ஒரு பாட்டிலை எடுத்தேன். கனமாக இருந்தது. வாய் வரை தண்ணீர். முத்துலட்சுமியின் பாட்டில். நல்ல வெயில் நாள், சாப்பாட்டு நேரமும் முடிந்திருந்தது.

“ஏட்டி, காலைல கொண்டாந்த தண்ணி அப்படியே இருக்கு?”

பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: “குடிச்சா ஒண்ணுக்குப் போணும்லா டீச்சர்.”

நான் குனிந்து மற்ற பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தேன். பையன்கள் பாட்டில் எல்லாம் காலி, பெண் பிள்ளைகள் பாட்டில் எல்லாம் நிறைந்து இருந்தது. எத்தனை வருடமாக இந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்துகிறேன்!

பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாமல் இல்லை. கட்டிடத்துக்குப் பின்னால் இருந்தது. கதவுதான் போய்விட்டது. நிலையும் போய்விட்டது. தண்ணீர்க் குழாய் எந்தக் காலத்திலோ வந்து நின்றுபோனது. சாவி மட்டும் தலைமையாசிரியர் மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தது.

அந்த வாரமே முத்துலட்சுமி காய்ச்சலில் படுத்துவிட்டாள். மூத்திரம் எரிகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவள் அம்மா ஐந்தருவியில் பழக்கடை போட்டிருந்தாள், பருவத்தில் ரம்புட்டான், மங்குஸ்தான். கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தாள்.

“டாக்டரம்மா நெறைய தண்ணி குடிக்கச் சொல்லுதாவ. குடிச்சுட்டு அவ எங்கன போவா? வயக்காட்டுக்கா? நீங்களே சொல்லுங்க டீச்சர். நா நிப்பாட்டிருதேன். கடைல வந்து உக்காரட்டும். அங்கனயாவது கட்டணக் கழிப்பிடம் இருக்கு.”

வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை. “கொஞ்ச நாள் பொறு தாயி” என்றேன். என்ன நம்பிக்கையில் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

தலைமையாசிரியரிடம் போனேன். கண்ணாடியைத் துடைத்தார். “பாப்போம்” என்பதற்குள் நான், “அண்ணாச்சியப் பாப்போம் சார்” என்றேன். பார்க்கப் போனோம்.

குத்தாலிங்கம் அண்ணாச்சி லாட்ஜ் வாசலில், நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். அவர் தம்பி பொன்னையாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா காலத்து லாட்ஜை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். பேச்சுவார்த்தை கிடையாது. அருவிச் சத்தம் யார் பக்கத்து அறைகளில் நன்றாகக் கேட்கிறது என்பதில் தகராறு. இரண்டு போர்டிலும் ‘அருவி ஓசையுடன் கூடிய அறைகள்’ என்று போட்டிருக்கும், பொன்னையா போர்டில் ‘அசல்’ என்று கூடுதலாக இருக்கும்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். நல்ல காரியம் என்றார். பெண் பிள்ளைகள் தெய்வம் என்றார். பிறகு, “எம்பேர எங்கன எழுதுவீய?” என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“கக்கூசு வாசல்லயா? ஏன் டீச்சர், போறவ வாறவ எல்லாம் எம்பேரப் படிச்சுட்டா உள்ள போவா? நல்லா இருக்கே!” என்றவர், எங்கள் முகம் வாடியதைப் பார்த்து இரங்கி, “வளைவு வேணும்னா கட்டித் தாரேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா?” என்றார்.

எங்கள் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. நாலு பக்கமும் திறந்த வெளி. அதற்கு நுழைவு வளைவு வந்தது. உச்சியில் சரஸ்வதி, அவளுக்குக் கீழே அவளைவிடப் பெரியதாக அண்ணாச்சி பேர். ஆடுகள் வளைவுக்குப் பக்கவாட்டில் நடந்து உள்ளே வந்து போயின. ஆட்டுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. நான் தினமும் வளைவுக்குள் நுழைந்துதான் போனேன்.

திறப்பு விழாவுக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். ஒரு அம்மா. காலையிலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றிவிட்டு வந்தவர் மாலை போடும்போது என் காதில், “டீச்சர், டாய்லெட் எங்க?” என்றார். நான் தலைமையாசிரியரைக் கை காட்டினேன். அவர் ஓடிப்போய் டிராயரைத் திறந்து சாவியை எடுத்து இரண்டு கையாலும் பவ்யமாகக் கொடுத்தார். அந்த அம்மா சாவியோடு பின்னால் போனார். சாவியோடு திரும்பி வந்தார்.

மேடையில் என் பிள்ளைகளின் இங்கிலீஷ். மைக்கை நான் பிடித்துக்கொண்டேன். ஹூஸ் பெஞ்ச் இஸ் திஸ்? ஹூஸ் ஆர்ச் இஸ் திஸ்? ஒவ்வொன்றுக்கும் வகுப்பே சேர்ந்து குத்தாலிங்கம்ஸ், குத்தாலிங்கம்ஸ் என்று முழங்கியது. அண்ணாச்சி நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போனார். அப்போது அலுவலர் அம்மா எழுந்து வந்து, சாவியைத் தூக்கிப் பிடித்து, பின்பக்கம் காட்டி, “ஹூஸ் டாய்லெட் இஸ் தட்?” என்று கேட்டார்.

பிள்ளைகள் அந்தக் கட்டிடத்தை எட்டிப் பார்த்தார்கள். எழுத்தைத் தேடினார்கள். கடைசியில் ஒருவன், “நோ நேம், மேடம்” என்றான்.

கூட்டத்தில் முதலில் சிரித்தது பெண்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி முகம் கறுத்தது. ஆனால் லாட்ஜ் நடத்துகிறவர், சமாளிக்கத் தெரியும். “அதுக்கு வேணும்னா எந்தம்பி பொன்னையா பேர எழுதிருங்க மேடம். அவனுக்குத்தான் பொருத்தமா இருக்கும்” என்றார். சிரிப்பு இரண்டு மடங்கானது.

மைக் என் கையில்தான் இருந்தது. “அப்ப நீங்களே அதக் கட்டிக் குடுங்க அண்ணாச்சி. தம்பி பேரயே எழுதிருவோம்” என்றேன்.

அண்ணாச்சி கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அவர் கொடுத்த டியூப்லைட்டில் ஒருநாளும் அவ்வளவு வெளிச்சம் கண்டதில்லை. அலுவலர் அம்மா விடவில்லை. “நல்ல யோசனை. எப்ப ஆரம்பிக்கீங்க?”

அடுத்த வாரமே செங்கல் வந்து இறங்கியது. அண்ணாச்சி எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. டைல்ஸ், குழாய், மேலே தண்ணீர்த் தொட்டி, உள்ளே தாழ்ப்பாள் வைத்த தகரக் கதவு. பெயின்டரைக் கூட்டிவந்தவரும் அவரே. பள்ளியிலேயே பெரிய எழுத்து அதுதான், ரோட்டிலிருந்து படிக்கலாம்: ‘உபயம்: பொன்னையா.’

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மனிதனை இழிவுபடுத்திக் கிடைத்த தண்ணீர் பிள்ளைகளுக்கு ஆகுமா? இலஞ்சிக் கோயிலில் போய் நின்றேன். “முருகா, அண்ணன் தம்பிச் சண்டை உனக்குத் தெரியாதா? ஒரு பழத்துக்காக மலையேறினவன் நீ. இதில் பாவம் இருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள். பிள்ளை தண்ணி குடிக்கட்டும்” என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

முத்துலட்சுமி திரும்ப வந்தாள். ஆனால் அவள் அம்மா, “ஒரு மாசம் பாப்பேன் டீச்சர். பளபளன்னு இருக்கு சரி. கழுவுததுக்கு ஆளு?” என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். ஆள் இல்லை. தலைமையாசிரியர் பாப்போம் என்றார். நானும் சத்துணவு ஆயாவும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினோம். போதவில்லை. ஒரு மாதம் முடியுமுன் வாடை வகுப்பு ஜன்னல் வரை வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் பாட்டில் மறுபடி கனக்கத் தொடங்கியது. முத்துலட்சுமியின் அம்மா வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டாள்.

அவள் தலைமையாசிரியர் முன்னால் நின்றுகொண்டிருந்த அதே நேரம் ஒரு புல்லட் வளைவுக்குள் வராமல், ஆடு போகிற வழியாக உள்ளே வந்தது. பொன்னையா அண்ணாச்சி. கையில் பெயின்ட் டப்பா, பிரஷ்.

“எவம்லே எம்பேர எழுதுனது? குத்தாலம் பூரா சிரிக்கான். லாட்ஜுக்கு வாரவன்லாம், பள்ளிக்கூடத்துல உங்க பேரப் பாத்தோம்ங்கான்!”

நான் வெளியே வந்து உண்மையைச் சொன்னேன். அண்ணன் சொன்னது, நான் பிடித்துக்கொண்டது, எல்லாம். அவர் நேரே பின்னால் போய் டப்பாவைத் திறந்தார்.

முத்துலட்சுமியின் அம்மா பின்னாலேயே வந்தாள். ஐந்தருவியில் தினமும் பார்க்கிற முகம், அவளுக்கு அவரிடம் பயம் கிடையாது.

“அழிங்க அண்ணாச்சி, நல்லா அழிங்க. நீங்க அழிச்ச அன்னைக்கே ஒங்க அண்ணாச்சி லாட்ஜ் வாசல்ல சர்க்கரப் பொங்கல் குடுப்பாவ. தம்பி பொறுக்க மாட்டாம ஓடிப்போய் அழிச்சான்னு.”

பிரஷ் நின்றது. “அப்ப விட்டுட்டுப் போவவா? நாறுதுட்டீ!”

“விட்டுட்டுப் போனாலும் சிரிக்கத்தான் செய்வாவ. பேரப் போட்டுட்டு நாற விட்டுட்டான்னு.”

அவர் எழுத்தைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். “சவத்துப்பய, நல்ல டைல்ஸாத்தான் போட்டிருக்கான்” என்றார். டப்பாவை மூடிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் புல்லட்டை எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் காலை மணி அடிக்குமுன் அவர் லாட்ஜில் அறை கழுவுகிற அம்மா வாளியும் பினாயிலுமாக வந்து நின்றாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். சாயங்காலமும் வந்தாள். வாசலில் ஒரு செவ்வரளிச் செடி வந்தது. குழாய் சொட்டினால் லாட்ஜ் பிளம்பர் வந்தார். தர்ம சிந்தனையா, வீம்பா என்று நான் விசாரிக்கவில்லை. அண்ணன் கொடுத்த ஃபேனைப் பழுது பார்க்க யாரும் வந்ததில்லை. முத்துலட்சுமியின் அம்மா மாற்றுச் சான்றிதழை மறந்துவிட்டாள்.

அலுவலர் அம்மா மற்றப் பள்ளித் தலைமையாசிரியர்களை எல்லாம் வேனில் கூட்டிவந்து காட்டினார். வளைவுக்குள் நுழைந்தவர்கள் அதை அண்ணாந்துகூடப் பார்க்காமல் நேரே பின்னால் போனார்கள். எல்லோர் செல்போனிலும் பொன்னையா பேர் ஏறியது.

இந்தச் செய்தி லாட்ஜின் நடுச்சுவர் தாண்டிப் போய்விட்டது. ஒருநாள் குத்தாலிங்கம் அண்ணாச்சி கார் வந்தது. பழக்கம் காரணமாக நான் ஃபேனை நிறுத்தினேன். அவர் மேலே பார்க்கவே இல்லை.

“டீச்சர், கட்டுனது யாரு? நாம்லா. ஊரு பூரா அவம்பேரச் சொல்லுதான். அதுல எம்பேரயும் எழுதணும். மேல எழுதணும்.”

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க பாத்துக்கிட்டே இருங்க சார். நா போயி இடத்தப் பாத்துட்டு வாரேன்” என்று அண்ணாச்சி விறுவிறுவென்று பின்பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். செவ்வரளியைத் தாண்டி, வாசலில் நின்று, சுவரில் எங்கே இடம் இருக்கிறது என்று கையால் அளந்தார். பிறகு, “என்னத்தச் செஞ்சு வச்சிருக்கான், உள்ள ஒரு நோட்டம் பாத்துருதேன்” என்று கதவில் கையை வைத்தார்.

கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து முத்துலட்சுமியின் குரல் அதட்டியது.

“யாரது? ஆளு இருக்குல்லா!”

அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டு வெளியே நின்றார்.